மேகத்துக்கு மேலே இரண்டு சாட்சி

பர்மிங்ஹாம்
22.11.1998

அன்புள்ள றுகையா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் நாட்டத்தால் எதிர்வரும் மார்ச் மாதம் புனித ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்படுகிறேன். தங்களோடு பழகிய காலத்தில் அறிந்தோ அறியாமலோ, சொல்லாலோ செயலாலோ தங்களுக்கு ஏதும் நோவினை செய்திருந்தால், அல்லாஹ்வுக்காக என்னைப் பொறுத்து மாப்பாக்கிவிடுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
எம். ஐ. நளீர்

(தங்கச்சி, மகள் அம்ஹா சுகமா? என் கால் இப்போது பரவாயில்லை, கம்பு இல்லாமல் நடக்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும்.)

*

சாய்ந்தமருது
10.12.1998

நளீர் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபோட்டோக் கொப்பி எடுத்து, பெயருக்கு விட்ட இடத்தில் மட்டும் என் பெயரைப் பேனையால் நிரப்பியிருக்கிறீர்கள். நான் கல்முனையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறேன். போத்தலில் ஒட்டுகிற துண்டும் இப்படித்தான் இருக்கும். ஆளின் பெயர் மட்டும் மாறும்.

எத்தனை பேருக்கு இதை அனுப்பினீர்களோ தெரியாது. அவர்களிடம் நீங்கள் வாங்கிய கைமாற்றும் பேசிய புறமும் இதற்குள் அடங்கலாம். என்னுடையது அடங்காது. நீங்கள் ஓட்டிப்போன சின்ன விமானத்தில் என் புருஷன் றவூப் இருந்தார். தொண்ணூற்றேழு பெப்ரவரி எட்டாம் திகதி, நோன்பு இருபத்தொன்பது. உங்களுக்குக் கால் முறிந்தது. அவர் மவுத்தானார். அங்கேயே அடக்கினீர்கள். நான் ஜனாஸாவைக் காணவில்லை. அறைக்குள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தேன், பிறகு வெளியே வந்து வேலைக்குப் போனேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால், பல்லுப் பிடுங்க ஊசி போட்டு மரத்த முரசுச் சதை மாதிரி இருக்கிறது. என் விரல் படுவது தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

மாப்புக் கேட்டிருக்கிறீர்கள். மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அறிந்தோ அறியாமலோ என்று சேர்த்து எழுதாமல், அறிந்து செய்தது எது, அறியாமல் செய்தது எது என்று பிரித்து எழுதி அனுப்புங்கள். எதற்கு மாப்பாக்குகிறேன் என்று தெரியாமல் நான் எப்படி மாப்பாக்குவது?

அம்ஹா சுகம். எட்டு வயது.

றுகையா

*

பர்மிங்ஹாம்
29.12.1998

அன்புத் தங்கச்சி றுகையா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பத்தில் இதை எழுதுகிறேன். இங்கே பகல் குறுகியது, நோன்பு பிடிப்பது பெரிய சிரமமில்லை. குளிர்தான் கடுமை.

அந்தப் படிவக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. எண்பது பேருக்கு ஒரே நாளில் எழுத வேண்டியிருந்தது. மன்னியுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நான் என்ன எழுதுவது? எல்லாம் கத்ரு. ஒருவருக்கு எழுதப்பட்ட நேரத்தை நாம் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. இங்கே காலநிலை சொல்லிக்கொண்டு மாறுவதில்லை. நன்றாக இருந்த வானம் பத்து நிமிடத்தில் மூடிவிடும். நடந்ததை அப்போதே உங்கள் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மாருக்கு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எழுதினேன். அதை உங்களுக்கும் வாசித்துக் காட்டியிருப்பார்கள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

றவூப்பும் நானும் சம்மாந்துறையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உங்களைக் கலியாணம் முடித்து அவர் சாய்ந்தமருதுக்கு வந்தபோது அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். அவர் இல்லாதது எனக்கும் இழப்புத்தான். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகக் கேட்கிறேன்.

அம்ஹாவின் பெருநாள் உடுப்புக்கு ஒரு துணி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீல நிறம்.

நளீர் காக்கா

*

சாய்ந்தமருது
22.01.1999

நளீர் காக்காவுக்கு,

துணி வந்தது. பெருநாள் முடிந்த பிறகுதான் வந்தது. யுத்த காலம், பார்சலைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், அதனால் சுணக்கம். அம்ஹாவுக்கு நீலம் பிடிக்கும்.

பிறை பார்க்கிற பின்னேரம் எங்கள் வீதியில் ஒரு பிள்ளையும் வீட்டில் இருக்காது. கடல் எங்களுக்குக் கிழக்கு. பிறைக்கு மேற்கே பார்க்க வேண்டும். அதனால் எல்லோரும் வயல் பக்கத்து வீதிக்குப் போவார்கள். இந்த முறையும் போனார்கள். அம்ஹா போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கூப்பிட்டதற்கு, "நான் வரல்ல உம்மா. பிறை பாக்கப் போய் மவுத்தானவர்ர மகள் எண்டு சொல்றாங்க. பிறையும் காணல்லயாம், சும்மா போய்ச் செத்தவராம்" என்றாள். பிறகு, "வாப்பாதானா போகக் கேட்ட?" என்று கேட்டாள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் இருந்து வந்தது. "பிறையைத் தன் கண்ணாலேயே காண வேண்டும் என்று றவூப் பிடிவாதம் பிடித்தார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஏறிச் சிறிது நேரத்தில் மேகம் திடீரென்று சூழ்ந்துகொண்டது. பிறையைக் காணும் பாக்கியமும் கிடைக்கவில்லை." இதுதான் உங்கள் வசனம். எனக்கு மனப்பாடம். ஊரில் கன பேருக்கு மனப்பாடம்.

இன்னொரு காகிதமும் என்னிடம் இருக்கிறது. விபத்தை விசாரித்த உங்கள் நாட்டு அதிகாரிகள் மனைவி என்ற முறையில் எனக்கும் அறிக்கை அனுப்பினார்கள். பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம். மருந்துச் சீட்டு வாசிக்கிற ஆங்கிலம்தான் எனக்குத் தெரியும். அகராதியை வைத்துக்கொண்டு பதினொரு நாள் வாசித்தேன்.

ஓட்டியவருக்கு மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்து ஓட்டுகிற தகைமை இல்லை என்று அதில் இருக்கிறது. தற்செயலாக மேகத்துக்குள் அகப்பட்டதாக அவர் சொல்கிறார் என்றும் இருக்கிறது. எட்டாம் பக்கத்தில், ஒரு தோட்டக்காரர் மேகத்துக்கு மேலே விமானச் சத்தம் இருபது நிமிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு ஆகாயத்தில் பறப்பதென்றால் ஆமி ஹெலிகொப்டர்தான். அந்தச் சத்தம் கேட்டாலே அம்ஹா காதைப் பொத்துவாள். விமானம் பற்றி எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் தற்செயலாக அகப்பட்டவர் இருபது நிமிடம் மேகத்துக்கு மேலே நின்று சுற்றுவாரா?

கத்ருவை நானும் நம்புகிறேன். அதை எனக்கு எழுதித்தர நீங்கள் தேவையில்லை. அல்லாஹ் எழுதியதை அவன் பார்த்துக்கொள்வான். நீங்கள் செய்ததை நீங்கள் எழுதுங்கள். எழுதினால் மாப்பைப் பற்றிப் பேசலாம். இல்லாவிட்டால் நீங்கள் என் மாப்பு இல்லாமலே ஹஜ்ஜுக்குப் போங்கள். தடுக்க மாட்டேன்.

றுகையா

*

பர்மிங்ஹாம்
09.02.1999

றுகையா,

நேற்று இரண்டு வருடம். நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

றவூப் போகக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

இங்கே எங்கள் தொழுகை அறைக்கு இருபது குடும்பம் வரும். பாதிப்பேர் நம் ஊர்ப்பக்கம். வருடா வருடம் பெருநாளுக்குச் சண்டை. சவூதி அறிவித்தால் போதும் என்று ஒரு பக்கம், பிறையைக் கண்ணால் கண்ட செய்தி வேண்டும் என்று மறுபக்கம். நான் மறுபக்கத்தின் ஆள். அந்தச் சனிக்கிழமை காலையில் அவர்கள் பெருநாள் தொழுதுவிட்டுப் புதுச்சட்டையோடு எங்கள் வாசலால் போனார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "மேகத்துக்குள்ள எங்கடா பிறைய தேடப்போறாய்?" என்று சிரித்தார். எனக்கு அது தாங்கவில்லை. மேகத்துக்கு மேலே போனால் பிறை இருக்கும், என்னால் மேலே போக முடியும் என்று நினைத்தேன். ஒருவரின் சாட்சி பெருநாள் பிறைக்குச் செல்லாது, இரண்டு பேர் வேண்டும். அதற்காகத்தான் றவூப்பைக் கூட்டிப்போனேன். அவரைவிட நேர்மையான ஆள் அந்த அறையில் இல்லை, அவர் சொன்னால் இரண்டு பக்கமும் நம்பும்.

அவர், "நமக்கென்னத்துக்கு மச்சான்? காணாட்டி முப்பதாவது நோன்பையும் புடிச்சிட்டுப் போறது" என்றார். பயந்தார். மூன்று தடவை மறுத்தார். பிறகு, ஊருக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்துப் பார்ப்போம், அங்கே கண்டிருந்தால் நாம் ஏறத் தேவையில்லை என்றார். ஊர்ப் பிறை என்றால் அறையில் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். எனக்கும் சம்மதம்தான். வீதியோரத்து டெலிபோன் பெட்டியிலிருந்து எடுத்தார். திரும்பி வந்து, "பக்கத்து ஊட்டுல எடுத்தாங்க, நம்மட ஊட்டுல ஆளில்லையாம்" என்றார். உடனே லைன் அறுந்துவிட்டதாம். அப்போது இங்கே பகல் ஒன்றேகால்.

விமானம் வாடகைக்கு எடுத்தது. பொழுதுபோக்காகப் பழகி நான் வாங்கிய அனுமதிப்பத்திரம் தரை கண்ணுக்குத் தெரிகிறவரை ஓட்டத்தான். மேகத்துக்குள் போக வேறு பயிற்சி, வேறு சோதனை. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழக வேண்டும். அதைச் செய்ய வேண்டும் செய்ய வேண்டும் என்று இரண்டு வருடம் பின்போட்டேன். இது நான் அறிந்தது. ஏறும்போது றவூப், "மேகத்துக்குள்ள போகலாமா மச்சான்?" என்று கேட்டார். "ஓம், எல்லாத்துக்கும் கருவி இரிக்கி" என்றேன். கருவி இருந்தது உண்மை. அதைப் பார்த்து ஓட்டத் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. இதுவும் அறிந்தது.

மேகத்தில் ஓர் ஓட்டை இருந்தது, அதற்குள்ளால் ஏறினோம். மேலே வானம் சுத்தம். சூரியன் விழுந்தபோது றவூப் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து, எனக்கு ஒன்று தந்து, தானும் ஒன்றை வாயில் போட்டு நோன்பு திறந்தார். கொட்டையைப் பையிலே வைத்துக்கொண்டார். பிறகு அவர்தான் முதலில் கண்டார். "அந்தா!" என்றார். மெல்லிய பிறை, நகம் வெட்டி விட்டது மாதிரி. கையேந்தித் துஆக் கேட்டார். "அம்ஹாவும் இதத்தான் பாத்திருப்பாள்" என்றார். நானும் கண்டேன். இரண்டு சாட்சி.

திரும்பினால் ஓட்டை மூடியிருந்தது. தேடிச் சுற்றினேன். தோட்டக்காரர் கேட்டது அதுதான். ரேடியோவில் உதவி கேட்டிருக்கலாம். கேட்டால் தகைமை இல்லாமல் மேலே வந்தது தெரிந்துவிடும். கேட்கவில்லை. இருட்டப் போகிறது என்று மேகத்துக்குள் இறக்கினேன்.

மேகத்துக்குள் மேல் கீழ் இல்லை. நாம் நிமிர்ந்து இருக்கிறோமா சரிந்து இருக்கிறோமா என்று காதுக்குள் ஏதோ ஒன்றுதான் உடம்புக்குச் சொல்கிறது. மேகத்துக்குள் அது பொய் சொல்லும் என்று பயிற்சியின் முதல் மாதமே சொல்லித்தந்தார்கள். எழுத்துச் சோதனையில் அந்தக் கேள்விக்கு நான் சரியான விடை எழுதியவன். அன்றைக்கு உடம்பு நேரே போகிறோம் என்றது. முன்னால் இருந்த கருவி சரிகிறோம் என்றது. நான் உடம்பை நம்பினேன். றவூப், "நளீர், சரியா?" என்று கேட்டார். "ஓம், சரிதான்" என்றேன். அவரிடம் கடைசியாகச் சொன்னது அது. மேகத்துக்கு அடியில் வெளியே வந்தபோது தரை கீழே இருக்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டுகிற பிடியை இழுத்தேன். மரங்கள்.

ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்தவர்களிடம், தற்செயலாக அகப்பட்டோம் என்றேன். பிறையைக் கண்டோம் என்று சொன்னால் மேகத்துக்கு மேலே வேண்டுமென்றே போனதாகிவிடும். அதனால் காணவில்லை என்றேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அன்றிரவு ஊருக்கெல்லாம் விசாரிக்கிற நிலையில் இருக்கவில்லை, என்னையும் றவூப்பையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோன்பு கூடாத பெருநாளன்று நோன்பு பிடித்தார்கள். கண்ட சாட்சி நான், கட்டிலில் படுத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். பிறகு பள்ளிக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்று அறிந்தே எழுதினேன்.

அறியாமல் செய்தது என்று ஒன்றைத் தேடிப் பார்த்தேன், றுகையா. கிடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை உங்கள் பள்ளிவாசலுக்கும், இன்னொன்றை ஆங்கிலத்தில் இங்குள்ள அதிகாரிகளுக்கும் இன்று அனுப்புகிறேன். ஹஜ்ஜுக்குப் போக விடுவார்களோ தெரியாது. நீங்கள் மாப்பாக்கினாலும் இல்லாவிட்டாலும் இது உங்கள் கையில் இருக்கட்டும்.

நளீர்

*

சாய்ந்தமருது
26.02.1999

நளீர் காக்காவுக்கு,

உங்கள் கடிதம் இருபதாம் திகதி வந்தது. இன்று ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் வாசித்தார்களாம். பிறகு எழும்பி வீட்டுக்குப் போனார்களாம். சம்மாந்துறையிலிருந்து அவருடைய காக்கா வந்து வாசலில் நின்று, "என்ட தம்பிய நானும் பிழையா நினைச்சிட்டன் புள்ள" என்று அழுதார். தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

அம்ஹாவிடம் சொன்னேன். வாப்பா போகக் கேட்கவில்லை, பிறையைக் கண்டார், உன் பெயரைச் சொன்னார் என்று. அவள் யோசித்துவிட்டு, "நாங்க கண்ட அதே பிறையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு போய்ச் சோறு தின்றாள்.

இனி என்னுடையதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை இங்கே வானத்தில் ஒரு மேகம் இல்லை. அம்ஹாவுக்கு அப்போது ஆறு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு வயல் பக்கத்து வீதிக்குப் போனேன். நூறு பேருக்கு மேல் நின்றார்கள். அவள்தான் எனக்குக் காட்டித் தந்தாள். நான் தெளிவாகக் கண்டேன். பள்ளியில் பெருநாள் தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பலகாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஹாஜறா றாத்தா வேலிக்கு மேலால் கத்தினா. "றுகையா, லண்டன் கோல் புள்ள! ஓடி வா, றவூப் தம்பி எடுக்காரு!"

அந்த நோன்புப் பெருநாளைக்குக் கட்டாயம் வருவேன் என்று சொல்லியிருந்தார் அவர். நோன்பு பதினைந்தில், லீவு கிடைக்கவில்லை, ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பார்ப்போம் என்று எழுதினார். மூன்று வருடமாக இதே கதை. பிள்ளைக்கு வாப்பாவின் முகம் படத்தில் மட்டும்தான். நான் மா ஒட்டிய கையோடு வேலியடியில் நின்றேன். டெலிபோன் பதினைந்து அடி தூரம். "ஆளில்லெண்டு சொல்லுங்க றாத்தா" என்றேன். ஹாஜறா றாத்தா, "பாவம் புள்ள, பெருநாளும் அதுவுமா" என்றா. "இல்லெண்டு சொல்லுங்க" என்று திருப்பிச் சொன்னேன். அவ போய்ச் சொன்னா. நான் திரும்பி வந்து மாவைப் பிசைந்தேன்.

அவர் சமாதானம் பேச எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறை கேட்க எடுத்தார் என்பது உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். பதினைந்து அடி நடந்து போய், "ஓம், கண்டாச்சி" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும்.

ஹாஜறா றாத்தா இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக, அந்தக் கோலை எடுத்திருந்தால் அவருடைய குரலைக் கேட்டிருக்கலாமே என்றுதான் நினைத்தேன். அதுவே பெரிது என்று நினைத்தேன்.

பிரித்து எழுதச் சொன்னவள் நான். நீங்கள் எழுதிவிட்டீர்கள். என்னுடையதில் ஆளில்லை என்று பொய் சொன்னது அறிந்தது. மற்றது அறியாதது. ஆனால் இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தாலும் பாரம் குறையவில்லை. உங்களிடம் அப்படிக் கேட்டபோது குறையும் என்று நினைத்தேன்.

என் பங்கை அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன். உங்களை மாப்பாக்கிவிட்டேன். ஹஜ்ஜுக்குப் போங்கள். நானும் உங்களிடம் மாப்புக் கேட்கிறேன். அன்று நான் டெலிபோனுக்குப் போயிருந்தால் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள். உங்களுடைய காலுக்கும், இந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்கிறேன். எழுத விருப்பமென்றால் எழுதுங்கள்.

அம்ஹாவின் பங்கு என்னிடம் இல்லை. மௌலவியிடம் கேட்டேன். பிள்ளையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது, அவள் விளங்கும் வயதுக்கு வந்து தானே விட வேண்டும் என்றார். அவள் பெரியவளாகும்போது நீங்கள் ஒரு தடவை ஊருக்கு வர வேண்டும். தனியாகக் கேட்க வேண்டாம். நானும் உங்களோடு நின்றுதான் கேட்க வேண்டும். அவளுக்கு உங்கள் பாதிதான் இன்று தெரியும்.

நீலத் துணியைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அம்ஹா குர்ஆன் மதரஸா விட்டு வந்துவிட்டாள், வாசலில் செருப்புக் கழற்றுகிறாள். இதை மடித்து வைக்கப் போகிறேன்.

றுகையா